ஓநாய்ச் செடிக்கு உரம் வேண்டாம்

இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள யார்க் நகரத்தில் ஜார்ஜ் ரஸ்ஸல் என்றொரு தோட்டக்காரர் இருந்தார். பிறர் வீட்டுத் தோட்டங்களைப் பராமரிப்பதுதான் பிழைப்பு. 1911-இல், 54 வயதில், வேலைக்குப் போன ஒரு வீட்டில் பூச்சாடியில் செருகியிருந்த லூபின் பூங்கதிர்களைப் பார்த்தார். ஒரே நிறம், தண்டில் பூக்களுக்கு நடுவே இடைவெளி. அவர் கண்ணுக்கு அது அரைகுறை வேலையாகப் பட்டது. இதைவிட நன்றாகச் செய்ய முடியும் என்று முடிவு கட்டிவிட்டார்.

நகரவாசிகள் காய்கறி போட்டுக்கொள்ள வாடகைக்குக் கிடைக்கும் சிறு பாத்திகளில் இரண்டை எடுத்தார். கிடைத்த லூபின் வகைகளின் விதைகளையெல்லாம் தேடி வாங்கி அடுத்தடுத்து விதைத்தார். தூரிகையை எடுத்து மகரந்தம் தடவும் வேலையெல்லாம் அவர் செய்யவில்லை. கலப்பு வேலை முழுவதையும் பம்பிள்பீ என்னும் உடல் பருத்த மயிர்த்தேனீக்களிடம் விட்டுவிட்டார். தனக்கென்று அவர் வைத்துக்கொண்ட வேலை ஒன்றே ஒன்று: பிடிக்காத செடியைத் தயவு தாட்சண்யம் இல்லாமல் பிடுங்கி எறிவது. ஒவ்வோர் ஆண்டும் விதைப்பார், பூக்கவிடுவார், மிகச் சிலவற்றை மட்டும் நிறுத்திக்கொண்டு மற்றதைக் களைந்துவிடுவார். இருபது ஆண்டுகளுக்கு மேல் இதே கதை. யாருக்கும் ஒரு விதைகூடக் கொடுக்கவில்லை.

1935-இல் ஜேம்ஸ் பேக்கர் என்ற நாற்றுப்பண்ணைக்காரர் அவருடைய செடிகளை விலைக்கு வாங்கினார். 1937 ஜூனில் அவை லண்டனில் காட்சிக்கு வந்தபோது தோட்ட உலகம் வாயைப் பிளந்தது. தண்டே தெரியாமல் அடர்ந்த கதிர்கள். மஞ்சள், சிவப்பு, ரோஜா நிறம், ஒரே பூவில் இரண்டு நிறங்கள். அரச தோட்டக்கலைக் கழகம் தங்கப்பதக்கம் கொடுத்தது. அப்போது ரஸ்ஸலுக்கு வயது ஏறக்குறைய 80. இன்று உலகம் முழுவதும் விதைப்பொட்டலங்களில் அச்சாகியிருக்கும் ‘ரஸ்ஸல் லூபின்’ என்ற பெயர் அவருடையது.

அவர் வாங்கிச் சேர்த்த விதைகளில் முக்கியமானது வட அமெரிக்காவின் மேற்குக் கரையைச் சேர்ந்த பல்லிலை லூபின். டேவிட் டக்ளஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1820-களில் அங்கே காடுமேடாக அலைந்து பிரிட்டனுக்கு அனுப்பிய செடி அது. உள்ளங்கையை விரித்தாற்போல, ஒரே புள்ளியிலிருந்து பத்துப் பதினைந்து சிற்றிலைகள் பிரியும். நம் மரவள்ளி இலையை இன்னும் நுணுக்கமாக நறுக்கி வைத்ததுபோல. விடிகாலையில் அந்த நடுப்புள்ளியில் ஒரு சொட்டுப் பனிநீர் உருண்டு நிற்கும். பூவுக்காக வளர்க்கிறவர்கள்கூட, இந்த ஒரு சொட்டுக்காகவே வளர்க்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இவ்வளவு சாதுவான செடிக்கு வாய்த்த பெயரைப் பாருங்கள். லத்தீனில் ‘லூபஸ்’ என்றால் ஓநாய். ஓநாய் ஆட்டைத் தின்பதுபோல இச்செடி நிலத்தின் வளத்தைத் தின்றுவிடும் என்று பழங்காலத்தவர் நம்பினார்கள், அதனால் இந்தப் பெயர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். இந்த விளக்கத்தை நான் முழுவதும் நம்பவில்லை. ரோமானிய வேளாண் நூலாசிரியர்களான கொலுமெல்லாவும் பிளினியும் லூபினை மடக்கி உழுதால் நிலம் தேறும் என்றே எழுதிவைத்திருக்கிறார்கள். நம் ஊரில் சணப்பையும் தக்கைப்பூண்டையும் கொளுஞ்சியையும் மடக்கி உழுவது போலத்தான். விவசாயிக்குத் தெரிந்திருந்தது, பழியும் நிலைத்துவிட்டது.

பழி எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. மணலும் சரளையுமாக வேறெதுவும் வளராத இடத்தில் லூபின் மட்டும் பச்சென்று நிற்கும். பார்த்தவர்கள் காரணத்தையும் காரியத்தையும் தலைகீழாக மாற்றிக்கொண்டிருக்கலாம். மண் கெட்டதால் லூபின் வந்ததா, லூபின் வந்ததால் மண் கெட்டதா? அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை இதற்குப் பதில் சொன்னது. 1980 மே 18 அன்று அது வெடித்து, அடிவாரத்தில் பல சதுர கிலோமீட்டர் பரப்பை நுரைக்கல்லும் சாம்பலுமாக மூடியது. உயிர்ச்சத்து என்று சொல்ல ஒன்றுமில்லாத அந்த வெளியில், சில ஆண்டுகளுக்குள் முதலில் குடியேறிய செடி ஒரு குட்டை லூபின். அது வாழ்ந்து மடிந்த திட்டுகளில்தான் பிற செடிகளுக்கு வேண்டிய தழைச்சத்து சேர்ந்தது.

அந்த வித்தை வேரில் இருக்கிறது. லூபினை வளர்ப்பதில் நாம் செய்யும் தவறுகள் பெரும்பாலும் இந்த வேரைத் தெரிந்துகொள்ளாததால் வருபவை.

அவரைக் குடும்பத்துச் செடியான லூபினின் வேர்முடிச்சுகளில் பாக்டீரியா குடியிருக்கிறது. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான். ஆனால் அதன் இரண்டு அணுக்களும் ஒன்றையொன்று மூன்று பிணைப்புகளால் இறுகப் பற்றியிருப்பதால் செடியால் அதைத் தொடமுடியாது. உரத் தொழிற்சாலையில் அந்தப் பிடியை விடுவிக்க 400 டிகிரிக்கு மேல் வெப்பமும், நூறு மடங்குக்கும் மேற்பட்ட காற்றழுத்தமும் தேவைப்படுகின்றன. பாக்டீரியா அதையே மண்ணின் சாதாரண வெப்பநிலையில் செய்கிறது. லூபினோடு கூட்டுச் சேர்வது பிராடிரைசோபியம் என்ற மெதுவாக வளரும் வகை. பட்டாணிக்கு வரும் பாக்டீரியா இங்கே உதவாது. லூபினின் முடிச்சும் விசித்திரமானது. மற்றப் பயறுகளில் மணிமணியாகத் தொங்கும். இதில் வேரைச் சுற்றிக் காப்புப் போட்டதுபோல வளையமாகப் பருத்துக்கொள்ளும்.

இந்தக் கூட்டணி இலவசமில்லை. பாக்டீரியாவுக்குச் செடி சர்க்கரை கொடுத்தாக வேண்டும். அதனால், மண்ணிலேயே தழைச்சத்து தாராளமாக இருந்தால் செடி முடிச்சுப் போடுவதைக் குறைத்துக்கொள்ளும். கடையில் சோறு கிடைக்கும்போது அடுப்பு மூட்டுவானேன்? நாம் பிரியத்தோடு அள்ளிப் போடும் யூரியாவும் தொழுவுரமும் செய்வது இதைத்தான். விளைவு, வேர் சோம்பி, இலை கொழுத்து, தண்டு தளதளத்து, பூ குறைந்துவிடும். அசுவினிக்கு அந்தத் தளதளப்பு விருந்து. லூபினுக்கு உரம் வேண்டாம் என்று அனுபவசாலிகள் சொல்வதன் பொருள் இதுதான்.

மணிச்சத்துக்கும் இதற்குச் சொந்த ஏற்பாடு உண்டு. பெரும்பாலான நிலத்தாவரங்கள் வேரில் ஒட்டி வாழும் பூஞ்சைகளின் உதவியால் மணிச்சத்தைத் திரட்டுகின்றன. லூபின்கள் அந்தப் பூஞ்சைக் கூட்டணியைக் கைகழுவிவிட்டவை. வெள்ளை லூபினில் இதற்கு ஈடாகக் ‘கொத்துவேர்’ உருவாகிறது: பக்கவேரின் ஒரு பகுதியில் பாட்டில் கழுவும் தூரிகைபோலக் குட்டி வேர்கள் அடர்ந்து முளைக்கும். அவை சில நாட்களுக்குள் சிட்ரிக் அமில வகைப் பொருளை மண்ணில் கொட்டி, மண்துகளோடு இறுகிக் கிடக்கும் பாஸ்பேட்டைக் கரைத்து உறிஞ்சிக்கொள்ளும். எலுமிச்சையில் இருக்கும் அதே அமிலம்தான். மணிச்சத்து போதுமான அளவு கிடைக்கும் மண்ணில் இந்தக் கொத்துவேர்களும் குறைந்துவிடும்.

லூபின் சுண்ணாம்பு மண்ணை வெறுப்பதும் வேரின் கதைதான். காரத்தன்மை மிகுந்த மண்ணில் இரும்பு இருந்தும் கரையாமல் கிடக்கும். இலையின் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, நடுப்பகுதி மஞ்சளாகும். அதைப் பசி என்று நினைத்து மேலும் உரம் போடுகிறவர்கள் உண்டு. கொஞ்சம் அமிலச் சாய்வுள்ள, தண்ணீர் தேங்காத மண். நாளில் பாதிப்பொழுதாவது வெயில். இவை இரண்டும் அமைந்தால் மற்றதைச் செடி பார்த்துக்கொள்ளும். களிமண்ணாக இருந்தால் மணலோ சரளையோ கலந்து வடிகாலைச் சரிசெய்வது உரத்தைவிட நல்ல முதலீடு. மழைக்காலத்தில் தூர் ஈரத்தில் ஊறினால் அழுகல் நிச்சயம்.

புதிய தோட்டத்தில் ஒரு சிக்கல் வரலாம். அந்த மண்ணில் லூபினுக்கு உரிய பாக்டீரியா இல்லாமலே இருக்கக்கூடும். முன்பு லூபின் வளர்ந்த இடத்திலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்து நடும் குழியில் போடுவது பழைய உபாயம். ஆஸ்திரேலிய விவசாயிகள் இதையே பெரிய அளவில், பாக்டீரியாக் கலவையை விதையில் பூசிச் செய்கிறார்கள்.

இனி விதைக்கு வருவோம். லூபின் விதை பயறுபோல் இருக்கும், ஆனால் தண்ணீரில் போட்டால் பல விதைகள் கல்லாகக் கிடக்கும். விதையின் தொப்புள் இருக்கும் இடத்தில் நுண்ணிய ஒருவழிக் கதவு ஒன்று உள்ளது. ஹைட் என்ற தாவரவியலாளர் 1954-இல் இதை மர லூபினிலும் சில தீவனப்பயறுகளிலும் விளக்கினார். சுற்றியுள்ள காற்று உலர்ந்திருக்கும்போது கதவு திறந்து உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடும். காற்றில் ஈரம் ஏறியதும் இறுக மூடிக்கொள்ளும். இப்படி ஒவ்வொரு வறண்ட நாளிலும் விதை இன்னும் கொஞ்சம் உலர்ந்துகொண்டே போகும். வெளியீரம் உள்ளே வரவே வராது. உறையில் கீறல் விழுந்தால்தான் பூட்டு உடையும். இயற்கையில் பனியும் வெயிலும் சரளைக்கல்லின் உராய்வும் அந்த வேலையைச் செய்கின்றன. தோட்டத்தில் உப்புத்தாளில் இரண்டு தேய்ப்பு, அல்லது கத்திமுனையால் தொப்புளுக்கு எதிர்ப்பக்கம் ஒரு சிறு கீறல், பிறகு ஒரு நாள் தண்ணீரில் ஊறல். ஊறிப் பருத்தவற்றை விதையுங்கள், பருக்காதவற்றை மறுபடி கீறுங்கள்.

இந்த உறுதியான உறை ஒருமுறை அறிவியல் உலகையே ஏமாற்றியது. கனடாவின் யூகான் பகுதியில், உறைந்த மண்ணுக்குள் இருந்த பழைய எலிவளைகளில் 1954-இல் ஆர்க்டிக் லூபின் விதைகள் கிடைத்தன. அவை 10,000 ஆண்டு பழமையானவை என்றும், சில முளைத்தன என்றும் 1967-இல் ‘சயன்ஸ்’ இதழில் கட்டுரை வந்தது. பாடநூல்களில்கூட இடம்பிடித்த அந்தச் செய்தி நாற்பது ஆண்டுகள் நின்றது. 2009-இல் மிஞ்சியிருந்த விதைகளைக் கதிரியக்கக் கார்பன் முறையில் சோதித்தபோது, அவை நம் காலத்து விதைகள் என்று தெரிந்தது. வளை பழையது, விதை புதிது. லூபின் விதை பல ஆண்டு தாங்கும் என்பது உண்மை; பனியுகத்திலிருந்து தாங்கும் என்பது கட்டுக்கதை.

முளைத்த நாற்று முதலில் செய்வது ஆணிவேரைக் கீழே இறக்குவது. இரண்டு இலை தெரியும்போதே வேர் தொட்டியின் அடியை எட்டிப் பார்த்திருக்கும். எனவே ஆழமான குவளையில் ஒற்றை விதையாக இடுவது நல்லது. நேராக நிலத்தில் விதைப்பது அதைவிட நல்லது. வளர்ந்த செடியை இடம் மாற்றிப் பார்க்கலாமே என்ற ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். ஆணிவேர் அறுந்த லூபின் தேறுவது அபூர்வம். பிறகு பொறுமை. முதலாண்டில் இலைதான் வரும். பூவின் கம்பீரம் இரண்டாம் ஆண்டில், குளிர்காலம் ஒன்றைக் கண்ட பிறகு. அதன்பின் மூன்று நான்கு ஆண்டுகள் செழிக்கும், அப்புறம் தளரும். பல்லாண்டுத் தாவரம் என்று அட்டையில் போட்டிருந்தாலும் ஆயுள் குறைவுதான்.

பூவுக்குள் ஒரு சிறு இயந்திரம் இருக்கிறது. லூபின் பூவில் தேன் கிடையாது. தேனீக்குக் கிடைக்கும் கூலி மகரந்தம் மட்டுமே. அடியிதழ்கள் இரண்டும் ஒட்டிப் படகுபோல மூடியிருக்க, அதன் நுனியில் ஒரு துளை. பருத்த தேனீ வந்து உட்கார்ந்ததும் அதன் கனத்தில் படகு தாழும். உள்ளே இருக்கும் மகரந்தம் பற்பசைக் குழாயை அழுத்தியதுபோல நுனியால் பிதுங்கித் தேனீயின் வயிற்றில் ஒட்டும். டெக்சாஸ் மாநில மலரான புளூபானெட் ஒரு லூபின்தான். அதன் மேலிதழில் ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும். பூத்த ஐந்தாறு நாளில் அது செந்நீலமாக மாறிவிடும். பொட்டு மாறிய பூவில் நல்ல மகரந்தம் இல்லை என்று தேனீக்கள் கற்றுக்கொண்டு புதுப்பூவுக்கே போகின்றன. வாடிய பூவைச் செடி உதிர்க்காமல் வைத்திருப்பதால் கதிர் தூரத்திலிருந்தே பெரிதாகத் தெரியும். அருகே வந்ததும் பொட்டு வழிகாட்டும். கடைக்குப் பெரிய பலகை, உள்ளே தீர்ந்த சரக்குக்குத் தனி அடையாளம்.

கதிரில் கீழிருந்து மேலாகப் பூத்து முடிந்ததும் காய் பிடிக்கத் தொடங்கும். தோட்டக்காரர் கத்தரிக்கோலை எடுக்க வேண்டிய நேரம் இது. காய்க்குள் முற்றும் விதை, செடி சேர்த்த தழைச்சத்தில் பெரும்பங்கை இழுத்துக்கொள்ளும். கதிரை அடியோடு நறுக்கிவிட்டால் அந்தச் சத்து தூருக்குத் திரும்பும், சிறியதாகவேனும் இரண்டாம் தடவை பூக்கும், செடியின் ஆயுளும் கொஞ்சம் நீளும். விதைக்கு ஒரே ஒரு கதிரை விட்டுவைத்தால் போதும். காய் கறுத்து உலர்ந்ததும் கவனம் தேவை: வெயிலில் படீரென்று முறுக்கி வெடித்து விதையைத் தூர எறிந்துவிடும்.

பூச்சிக்கு எதிராக லூபினிடம் கசப்பு என்னும் ஆயுதம் உண்டு. லூபனைன், ஸ்பார்ட்டைன் போன்ற ஆல்கலாய்டுகள் இலை, தண்டு, விதை எல்லாவற்றிலும் இருக்கின்றன. இந்தக் கசப்பையும் வென்ற ஒரு பூச்சி இருக்கிறது. வட அமெரிக்காவின் லூபின் அசுவினி செடியின் கசப்பை உறிஞ்சித் தன் உடலிலேயே சேர்த்துக்கொள்ளும். 1981-இல் அது பிரிட்டனில் தென்பட்டது. நீலச்சாம்பல் நிறம், மற்ற அசுவினியைவிடப் பெரிய உடல். கசப்பு லூபினில் வளர்ந்த இந்த அசுவினியைத் தின்ற தரைவண்டுகள் மயங்கிக் கிடந்ததை 1986-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அதனால் பொறிவண்டு வந்து காப்பாற்றும் என்று காத்திருக்க வேண்டாம். கதிர் நுனியில் முதல் கூட்டத்தைக் கண்டதுமே விரலால் நசுக்கிவிடுவதுதான் சரியான மருந்து. வசந்தத்தில் வரும் இளங்குருத்தை ஓடில்லாத நத்தைகள் ஓரிரவில் மொட்டையடித்துவிடும். கோடையின் கடைசியில் இலையில் வெள்ளைமாவு பூத்ததுபோல் சாம்பல் நோய் வரும். பூ முடிந்த செடியென்றால் இலைகளை அடியோடு வெட்டிவிட்டால் போதும், புது இலை வரும்.

இந்தக் கசப்பு மனிதரையும் விடாது. அலங்கார லூபினின் விதை நஞ்சு. காய் பார்வைக்குப் பட்டாணிபோல் இருப்பதால் குழந்தைகள் உள்ள வீட்டில் எச்சரிக்கை தேவை. விதை ஊறிய தண்ணீரையும் கீழே கொட்டிவிடுங்கள். மத்தியதரைக்கடல் நாடுகளில் வெள்ளை லூபினையும் ஆண்டிஸ் மலையில் தார்வி என்னும் லூபினையும் பல நாட்கள் ஊறவைத்து, தண்ணீர் மாற்றி மாற்றிக் கசப்பைப் போக்கிய பிறகே உண்கிறார்கள். அலங்காரச் செடியில் அதை முயல வேண்டாம்.

பிடித்த நிறச்செடியை விதையிலிருந்து மறுபடி எடுக்க முடியாது. அதன் தாய் யாரோடு கலந்தது என்பது தேனீக்குத்தான் வெளிச்சம். வசந்தத் தொடக்கத்தில் தூரிலிருந்து கிளம்பும் குருத்தை விரற்கடை நீளம் வளர்ந்ததும் வெட்டி மணலில் ஊன்றலாம். வெட்டும்போது அடித்தூரின் ஒரு சில்லும் கூடவே வரவேண்டும். லூபின் தண்டு உள்ளே கூடு. கூடான துண்டில் நீர் புகுந்து அழுகிவிடும், தூரின் கெட்டிச் சதையிலிருந்துதான் வேர் விடும்.

ஒரு தோட்டத்தின் அழகு இன்னொரு நிலத்துக்கு ஆபத்தாவதும் உண்டு. நியூசிலாந்தின் தெற்குத்தீவில், சரளைப் படுகைகளில் பல கால்வாய்களாகப் பிரிந்தோடும் ஆறுகளின் கரையில் ரஸ்ஸல் லூபின் பரவிக் கிடக்கிறது. சுற்றுலாப் பயணிகள் படமெடுத்து மகிழ்கிறார்கள். வெட்டவெளிச் சரளையில் முட்டையிடும் அங்குள்ள அரிய பறவைகளுக்கோ கூடு கட்ட இடமில்லை, பூனைக்கும் மரநாய் இனத்து விலங்குகளுக்கும் பதுங்க மறைவு கிடைத்துவிட்டது. ஐஸ்லாந்தில், அரிப்பெடுத்த நிலத்தை மீட்பதற்காக 1945-இல் அலாஸ்காவிலிருந்து வேண்டுமென்றே கொண்டுவந்த நூட்கா லூபின், இன்று உள்ளூர்ச் சிறுசெடிகளை மூடிக்கொண்டு மலைச்சரிவுகளில் ஏறுகிறது. வெறும் மண்ணில் வாழத் தெரிந்த செடிக்கு வெறும் மண் எங்கிருந்தாலும் அழைப்புதான். ஆற்றங்கரையிலோ காட்டோரத்திலோ தோட்டம் வைத்திருப்பவர், வேறு எதைச் செய்யாவிட்டாலும் காயை முற்றவிடக் கூடாது.

சமவெளித் தமிழ்நாட்டின் இரவுப் புழுக்கத்தில் ரஸ்ஸல் லூபின் நிலைக்காது. குளிர் அதற்குக் கட்டாயம். படத்தைப் பார்த்துச் சென்னையில் விதைப்பொட்டலம் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். வேர்முடிச்சைப் பார்க்க லூபின்தான் வேண்டும் என்பதில்லை. தரிசில் மஞ்சள் கதிராய்ப் பூத்து, காய் முற்றினால் கிலுகிலுவென்று ஒலிக்கும் கிலுகிலுப்பை அதே அவரைக் குடும்பத்துச் செடி. மழை பெய்து மண் இளகிய நாளில் ஒன்றை வேரோடு பிடுங்கி, முடிச்சு ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் பாக்டீரியா வேலையில் இருக்கிறது என்று பொருள். நம் இரத்தத்துக்கு நிறம் தரும் பொருளின் உறவான ஒன்றுதான் அந்த நிறத்தையும் தருகிறது.